இரண்டு சீட்டிலும் ஒரு பெயர்

அறை எடுத்துத் தங்க வருகிறவர்கள் வந்த அன்றைக்கே மூன்று கேள்வி கேட்பார்கள். சுடுதண்ணீர் எப்போது வரும், ரொட்டி எங்கே கிடைக்கும், கடல் எப்படி இருக்கும். முதல் இரண்டுக்கும் நான் உள்ளதை உள்ளபடி சொல்வேன். மூன்றாவதற்கு இருபது வருடமாக ஒரே பதில்தான் வைத்திருந்தேன். "எண்ணெய் ஊத்தி வச்ச மாதிரி இருக்கும். இங்க யாரும் முங்கிச் செத்ததே கிடையாது." பொய் இல்லை, ஆறு வருடத்துக்கு முந்தைய செப்டம்பர் பதினொன்றாம் தேதி வரைக்கும் அது உண்மைதான்.

என் பெயர் கலிரோய். மானி தீபகற்பத்தின் கடைக்கோடியில், லிமெனாரி என்கிற கடலோர ஊரில், பாறைக்கு மேலே எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறை. பேருந்து வராது, கடைசி ஆறு கிலோமீட்டர் மண்பாதை, இரண்டு சாப்பாட்டுக்கடை இருந்ததில் ஒன்று மூடிவிட்டது. இதையெல்லாம் குறையாகச் சொன்னால் வருகிறவர்களின் முகம் மலர்கிறது. "இங்க ஒண்ணுமே இல்லையே" என்று கைகூப்பாத குறையாகச் சொல்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு வாடகை வாங்குகிற ஒரே ஊர் நம் ஊர்தான் என்பான் என் கணவன் திக்கேயோஸ். அவன் மீன்பிடிக்கிறவன். விருந்தாளிகளிடம் பேசத் தெரியாதவன். உண்மையை முகத்துக்கு நேரே சொல்வான், அதுவும் உரக்க.

யோஸ்டும் அவர் மனைவி மரைகேயும் ஹாலந்துக்காரர்கள். நான்கு வருடம் தொடர்ந்து செப்டம்பரில் வந்தார்கள். அவருக்கு அங்கே பாலத்தில் வேலை. படகு வந்தால் பாலத்தைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். மரைகே மருந்துக்கடையில் இருந்தாள். யோஸ்ட் நெட்டையான மனிதர். அறைக்கு ஏறும் வாசலின் உத்தரம் எங்கள் ஊர் உயரத்துக்கு வைத்தது, தினமும் அதில் தலையை இடித்துக்கொள்வார், இடித்ததும் உத்தரத்தைப் பார்த்து "மன்னிச்சுக்கோங்க" என்பார். எங்கள் மொழியில் அவருக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு சொல்லில் அது ஒன்று. இரண்டாவது வருடம் திக்கேயோஸ் ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை அந்த உத்தரத்தில் ஆணி அடித்து வைத்தான். இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

அந்த நான்காவது செப்டம்பரில் இரண்டு நாள் தெற்குக் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. மூன்றாம் நாள் காலை கடல் அசையவில்லை. இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும், அப்படிப்பட்ட காலையில்தான், கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அடியில் இழுக்கும். மேலே பார்த்தால் ஒரு சுருக்கம்கூட இருக்காது. அந்த மாதிரி நாளில் யாரும் முனைப் பக்கம் வலை போட மாட்டார்கள். திக்கேயோஸ் அன்றைக்குப் படகை எடுக்காமல் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்கு அவன் வீட்டில் இருந்தால் கடல் சரியில்லை என்று அர்த்தம்.

நான் மாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மரைகே ரொட்டி வண்டி நிற்கும் இடத்துக்குப் போயிருந்தாள். முற்றத்திலிருந்து யோஸ்ட் அண்ணாந்து கேட்டார்.

"கலிரோய், முனையைச் சுத்தி அந்தப் பக்கம் நீந்திப் போலாமா? நல்லதா?"

என் வாயில் துணிக் கிளிப்புகள் இரண்டு இருந்தன. அவற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். யோசிக்க நேரமில்லை என்று நான் சொல்ல முடியாது.

நான்கு நாளைக்கு முன்னால்தான் ஒரு வியன்னா தம்பதி பாதியில் அறையைக் காலி பண்ணிக்கொண்டு போயிருந்தார்கள். திக்கேயோஸ்தான் காரணம். இங்கே குதிக்காதே, அங்கே போகாதே, அந்தப் பாறையில் நிற்காதே என்று நாள் முழுக்க அவர்களை அதட்டிக்கொண்டிருந்தான். இது ஓய்வா ஜெயிலா என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் பெட்டியைக் கட்டினாள். அதற்காக அவனுக்கும் எனக்கும் மூன்று நாளாகப் பேச்சு இல்லை. அந்த ஆத்திரம் எனக்குள் அப்படியே இருந்தது. கீழே சமையலறையில் அவன் காப்பி குடிக்கிற சத்தம்கூட எனக்கு எரிச்சலாக இருந்தது. அவனைக் கேளுங்கள் என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை.

"போங்க, எல்லாரும் போறதுதான்" என்றேன்.

அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தார். கிளிப்புகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு விரிப்பை உதறினேன்.

கடலோரக் காவல் படகு நான்கு நாள் தேடியது. திக்கேயோஸ் பதினோரு நாள் தேடினான். அவருடைய செருப்பு முனைப் பக்கத்துப் பாறையில் ஜோடியாக இருந்ததால் எந்தத் திசையில் தேடுவது என்பதற்கு என் வாய் தேவைப்படவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். காவல் அதிகாரி கேட்டபோது, நான் மாடியில் இருந்தேன், பார்க்கவில்லை என்றேன். திக்கேயோஸிடமும் அதையேதான் சொன்னேன். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வது கஷ்டம், பத்தாம் நாள் முடியவே முடியாது. உடல் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பும் முன் மரைகே என்னோடு கோயிலுக்கு வந்தாள். எங்கள் பக்கம் பெண்கள் பலிபூசைக்கு ரொட்டி கொண்டுபோகும்போது கூடவே சீட்டு கொடுப்போம். சிலுவை போட்ட சீட்டு செத்தவர்களுக்கு, சிலுவை இல்லாதது உயிரோடு இருப்பவர்களின் நலத்துக்கு. வெறும் பெயர் மட்டும்தான் எழுதுவது, ஊரோ குடும்பப் பெயரோ வேண்டியதில்லை. பாதிரியார் இலியாஸ் இரண்டையும் வாய்விட்டு வாசிப்பார். என் அப்பா, அம்மா, என் தம்பி என்று நான் சிலுவைச் சீட்டில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து மரைகே என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவர் பேரை இதுல எழுதாதீங்க. அந்த இன்னொரு சீட்டுல எழுதுங்க."

"மரைகே, கண்ணு..."

"எனக்கு உடம்பு கிடைக்கல. கிடைக்காத ஆளை நானா எப்படிச் சாகடிப்பேன்?"

எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு செப்டம்பரும் அவள் தனியாக வந்தாள், அதே அறை, இரண்டு வாரம். ஒவ்வொரு தடவையும் அவள் பார்க்க நான் சிலுவை இல்லாத சீட்டில் யோஸ்ட் என்று எழுதிக் கொடுத்தேன்.

அவள் இல்லாத ஜூனில் வேறு காரியம் செய்தேன். பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்தின நாள் எங்களுக்கு ஆன்மாக்களின் சனிக்கிழமை. அன்று செத்தவர்களை மட்டும்தான் வாசிப்பார்கள். ஊரே கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் பாதாமும் உலர்திராட்சையும் கலந்து கோயிலுக்குக் கொண்டுபோகும். முதல் ஜூனிலேயே நான் சிலுவைச் சீட்டில், என் தம்பிக்குக் கீழே, யோஸ்ட் என்று எழுதினேன். எனக்கு அவர் செத்தே ஆக வேண்டியிருந்தது. செத்தவரிடம்தானே மன்னிப்புக் கேட்க முடியும், செத்தவருக்குத்தானே கோதுமை வைக்க முடியும். காணாமல் போனவர் தினமும் முற்றத்தில் நின்று அண்ணாந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாதிரியார் இலியாஸ் மறதிக்காரர் இல்லை. இரண்டாவது வருடமே பிடித்துவிட்டார்.

"ஏம்மா கலிரோய், இந்த யோஸ்ட் செப்டம்பர்ல உசுரோட இருக்காரு, ஜூன்ல செத்துப்போறாரு. மறுபடி செப்டம்பர்ல எழுந்திரிச்சிடறாரு. நம்ம ஆண்டவரே ஒரு தடவைதான் உயிர்த்தாரு."

"அவர் நம்ம சபை இல்லன்னு வாசிக்கப் பயப்படறீங்களா, சாமி?"

"கடலுக்குள்ள போனவனுக்கு என்ன சபை. நான் கேட்டது அது இல்ல."

நான் ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த வருடம் மரைகே ஜூனிலேயே வந்து நின்றாள். ஆன்மாக்களின் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மதியம். முன்கூட்டி ஒரு போன்கூட இல்லை. நான் வாசலில் கோதுமையைப் புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து தானும் கல் பொறுக்க ஆரம்பித்தாள். இளைத்திருந்தாள். ஐந்து வருடத்தில் எங்கள் மொழியை நன்றாகவே பிடித்துவிட்டாள், மற்றவர்களுக்குப் போலக் கை ஜாடை அவளுக்குத் தேவையில்லை.

"செப்டம்பர் வரைக்கும் பொறுக்க முடியலையா?" என்றேன்.

"கோர்ட்டுல ஒரு தாள் குடுத்திருக்காங்க. அஞ்சு வருஷம் ஆச்சாம். நான் கையெழுத்துப் போட்டா அவர் செத்துட்டாருன்னு எழுதிடுவாங்க. ஃபெம்கே போடுங்கிறா."

ஃபெம்கே அவர்கள் மகள்.

"நீ என்ன சொல்ற?"

"பேனா எடுத்தேன், வச்சிட்டேன். மூணு தடவை. அங்க எல்லாருக்கும் அவர் செத்து அஞ்சு வருஷம் ஆச்சு. அவர் உடுப்பெல்லாம்கூட ஃபெம்கே குடுத்துட்டா. உங்க சீட்டுல மட்டும்தான் இன்னும் உசுரோட இருக்காரு, கலிரோய்."

முறத்தைத் தள்ளி வைத்தேன். எழுந்து போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தேன். அவள் பின்னாலேயே வந்து, மேஜையில் கை ஊன்றிக்கொண்டு பேசினாள்.

"செத்துட்டாருன்னு நம்பறதுல எனக்குக் கஷ்டம் இல்ல. எனக்கு அவர் மேல கோபம். அதுதான் கையெழுத்துப் போட விடல. யார் மேல கோபமோ அந்த ஆளைப் புதைக்க முடியல."

"கோபம் எதுக்கு?"

"கேக்காமப் போனாருல்ல. நீங்க மேல இருந்தீங்க, உங்க வீட்டுக்காரர் உள்ள இருந்தாரு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா தடுத்திருப்பீங்க. அங்க பாலத்துல உக்காந்து ஊர்ல உள்ள படகுக்கெல்லாம் போ, நில்லுன்னு சொல்ற ஆளு, தனக்குன்னு வந்தா யாரையும் கேக்கமாட்டாரு. அவ்வளவு திமிரு. அஞ்சு வருஷமா தினமும் அவரைத் திட்டிட்டுத்தான் தூங்கறேன்."

தட்டில் பீன்ஸை ஊற்றினேன். எண்ணெய் ஊற்றினேன். அவளுக்கு எதிரே உட்கார்ந்து நானும் இரண்டு வாய் தின்றேன். என்னைப் போல வெட்கம் கெட்டவள் மானி முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள் என்று அப்போது எனக்குத் தோன்றியது, இப்போதும் அதை மாற்றிச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

தட்டைக் கழுவும்போது அவள் கேட்டாள். "சனிக்கிழமை நானும் கோயிலுக்கு வரலாமா?"

"அது செத்தவங்களுக்கான நாளு. உனக்கு எதுக்கு?"

"வரலாமா, கூடாதா?"

வரலாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாகப் பாதிரியார் வீட்டுக்கு ஓடினேன். என் சீட்டைப் புதன்கிழமையே கொடுத்திருந்தேன். அவர் கோழிக்கூட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார், அங்கியை இடுப்பில் செருகியிருந்தார்.

"சாமி, என் சீட்டைத் திருப்பிக் குடுங்க. ஒரு பேரை அடிக்கணும்."

"செத்தவங்க பேரை யாரும் அடிச்சு நான் பார்த்ததில்ல."

"அந்தப் பொம்பளை வந்திருக்கா. நாளைக்குக் கோயிலுக்கு வர்றா. அவளுக்கு இப்ப நம்ம பேச்சு நல்லாப் புரியும். நம்ம ஊர்ல வேற யோஸ்ட் கிடையாது. நீங்க வாசிச்சீங்கன்னா அந்த நிமிஷமே தெரிஞ்சுடும்."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "தெரிஞ்சா என்ன? நம்மகிட்ட வழக்கமில்லாததையா செஞ்சே? ஒரு மனுஷனுக்காக வேண்டிக்கிட்டே. ஏன் திருடி மாதிரி ஒளிக்கிறே?"

அங்கேயே, கோழிப்பீ நாற்றத்தில், சொல்லிவிட்டேன். துணிக் கிளிப்பு, வியன்னாக்காரி, திக்கேயோஸின் காப்பி எல்லாவற்றையும். ஐந்து வருடத்தில் முதல் தடவை. அவர் கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போய்ச் சீட்டுக் கட்டைக் கொண்டுவந்து, என்னுடையதைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தார்.

"அடிச்சுக்கோ. இதை நான் தடுக்கல. ஆனா உனக்குப் பாவமன்னிப்பு இன்னைக்குக் கிடையாது, கலிரோய். இதை எங்கிட்ட சொல்லிட்டே. சொல்ல வேண்டியது எங்கிட்ட இல்ல."

சீட்டை வாங்கி, வீட்டுச் சுவரில் வைத்து அவர் பேனாவாலேயே அடித்தேன். நன்றாக, படிக்க முடியாதபடி. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை கோயிலில் இருபது பேர் இருந்திருப்போம். இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். திக்கேயோஸ் தூணுக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில். மேஜையில் கோதுமைத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவத்தி. மரைகே கறுப்பு உடுத்தியிருந்தாள். ஐந்து வருடத்தில் அவளைக் கறுப்பில் நான் பார்த்ததில்லை. அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். என் பயம் என் கண்ணை மறைத்தது.

பாதிரியார் வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வீட்டுச் சீட்டாக, நிறுத்தாமல், ஒரே குரலில். ஸ்த்ராதிஸ், மெட்டாக்ஸியா, பெத்ரோஸ், பெத்ரோஸ், குழந்தை அர்கீரோ. பெயர் வரும்போது அந்தந்த வீட்டுப் பெண் சிலுவை போட்டுக்கொள்வாள். என் சீட்டு வந்தது. அப்பா, அம்மா, தம்பி. அதற்குப் பிறகு ஒரு மூச்சு அளவு இடைவெளி, அடுத்த வீடு. என் கழுத்து வியர்வை ஆறியது. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிச் சீட்டும் முடிந்தது. பாதிரியார் தாள்களை அடுக்கினார். மரைகே என் பக்கம் குனிந்தாள்.

"அவர் பேர் வரலையே" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"இன்னைக்கு நீங்க எல்லாரும் அவங்கவங்க ஆட்களைச் சொல்ற நாளுன்னு தெரிஞ்சுதான் இப்ப வந்தேன். என் கையால எழுத வரல. நேத்தெல்லாம் உங்ககிட்ட சொல்லிடலாம்னு பார்த்தேன், வாய் வரல. நீங்களே எழுதிடுவீங்கன்னு நினைச்சேன். யாராவது ஒருத்தர் சத்தமா சொல்லி நான் கேக்கணும். அப்புறம் ஊருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுடுவேன்."

ஐந்து வருடம் அவளுக்குத் தெரியாமல் எழுதியவள், அவள் கேட்க வந்த அன்றைக்கு அடித்துவிட்டிருந்தேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டில் எழுத மறந்த பெயர் இருந்தால், பாதிரியார் தாளை மடிக்கிறதற்குள் பெண்கள் இருந்த இடத்திலிருந்தே சொல்லலாம். கிழவிகள் சொல்வார்கள். நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"யோஸ்ட்" என்றேன். குரல் பிசிறியது. மறுபடி சொன்னேன். "யோஸ்ட்."

பாதிரியார் இலியாஸ் என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்க்காமலே, மற்றவர்களைச் சொன்ன அதே குரலில், "கடலில் போன யோஸ்ட்" என்று சொன்னார். மரைகே சிலுவை போட்டுக்கொள்ளவில்லை, அது அவள் பழக்கமில்லை. இரண்டு கையாலும் முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூணருகில் திக்கேயோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பதினோரு நாள் தேடியவன் அவன்.

வெளியே வந்ததும் கோதுமையைக் கையளவு காகிதப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். வாங்குகிறவர்கள் "ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லி வாங்க வேண்டும். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக மரைகேயிடம் வந்து அவள் கையைத் தொட்டு அதைச் சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் கோயிலின் கடல் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்தோம். கீழே முனை தெரிந்தது. தண்ணீர் அசையவில்லை.

"பாரம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றாள் மரைகே. "கோபம் மட்டும் போகல. அது என்னோடயே வரட்டும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாவி."

"கேட்டாரு" என்றேன்.

அவள் மென்றுகொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"எங்கிட்டதான் கேட்டாரு, மரைகே. முற்றத்துல நின்னு கேட்டாரு. நான்தான் போங்கன்னு சொன்னேன்."

காகிதப்பையின் வாயை மடித்துக்கொண்டு அவள் கேட்டாள். "என்ன கேட்டாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"'கலிரோய், முனையைச் சுத்தி அந்தப் பக்கம் நீந்திப் போலாமா? நல்லதா?'ன்னு."

"நல்லதான்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீங்க?"

"'போங்க, எல்லாரும் போறதுதான்.' எனக்குத் தெரியும் அன்னைக்குத் தண்ணி இழுக்கும்னு. எம் புருஷன்கிட்ட மூணு நாளாப் பேசல. அவரைக் கேளுங்கன்னு சொல்ல மனசு வரல. அவ்வளவுதான். இதுக்கு மேல காரணம் ஒண்ணும் இல்ல."

அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் அழுதாள், ஆனால் என்னைப் பார்த்து அழவில்லை. முனையைப் பார்த்து, தன் மொழியில், ஏதோ சொல்லிக்கொண்டே அழுதாள். அதில் எனக்குப் புரிந்தது அவர் பெயர் ஒன்றுதான். ஐந்து வருடம் ராத்திரி ராத்திரி திட்டிய மனுஷனிடம் ஒரு பெண் என்ன சொல்லுவாள். பிறகு காகிதப்பையைச் சுவரில் வைத்துவிட்டு எழுந்தாள். பாறைகளுக்கு இறங்கும் பாதையில் தனியாகப் போனாள். நான் கூடப் போகவில்லை, அந்த உரிமை எனக்கு இல்லை.

திரும்பியபோது எனக்குப் பின்னால் திக்கேயோஸ் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது.

"நான் சமையல்கட்டுலதானடி இருந்தேன்" என்றான். "ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே. 'இந்தாப்பா, வந்து இவர்கிட்ட பேசு'ன்னு ஒரு சத்தம்."

அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படகைப் பார்க்கப் போனான். அன்றிலிருந்து அவன் சாப்பாட்டை நான் மூடி வைத்துவிடுவேன், நான் வெளியே போனதும் எடுத்துத் தின்பான். கோடை முழுக்க அப்படித்தான் போனது.

மரைகே ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பினாள். திக்கேயோஸிடம் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடம் சொல்லவில்லை. நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மாடிப்படி வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, கையை உயர்த்தி, உத்தரத்தில் அடித்திருந்த ஆட்டுத்தோலை உள்ளங்கையால் தடவினாள். அவள் தலைக்கு அது இடிக்காத உயரம், இரண்டு தடவை தடவிவிட்டுத்தான் பெட்டியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த விருந்தாளிகள் கடல் எப்படி என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. "எம் புருஷனைக் கேளுங்க" என்பேன். அவன் அவர்களை அதட்டுவான், இங்கே குதிக்காதே, அங்கே போகாதே. ஆகஸ்டில் ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு போயிற்று. போகட்டும் என்று கீழேபோய் நானே அவர்கள் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

செப்டம்பர் வந்தது. அந்த இரண்டு வாரத்துக்கு நான் அறையை யாருக்கும் விடவில்லை. விரிப்பை மாற்றி, தண்ணீர்க் குடம் வைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தேன். பதினொன்றாம் தேதி வந்து போயிற்று. மறுநாள் ரொட்டி வண்டிக்காரன் ஒரு உறை கொண்டுவந்தான். ஹாலந்துத் தபால்தலை. பிரிக்கத் தைரியமில்லாமல் கோழிக்குத் தீனி போட்டேன், தாழ்வாரம் பெருக்கினேன், அப்புறம்தான் பிரித்தேன்.

கடிதம் இல்லை. எங்கள் கோயில் சீட்டு அளவுக்கு வெட்டிய ஒரு தாள் மட்டும், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரிக் கோணல்மாணலாக எங்கள் எழுத்தில். மேலே சிலுவை போட்ட பக்கத்தில் யோஸ்ட் என்று எழுதியிருந்தது. திருப்பினேன். சிலுவை இல்லாத பக்கத்திலும் ஒரே ஒரு பெயர். அவள் மகள் பெயராக இருக்கும், இல்லை அவள் தன் பெயரையே எழுதியிருப்பாள் என்று நினைத்துத்தான் எழுத்துக் கூட்டினேன். கலிரோய் என்று இருந்தது.

என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. அவள் அப்படி எழுதவில்லை. இல்லாததைப் படித்துக்கொள்ள எனக்கு உரிமையும் இல்லை. உயிரோடு இருப்பவர்கள் பக்கத்தில் என்னை வைத்திருந்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டியோடு அந்தச் சீட்டையே பாதிரியாரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். உயிரோடு இருப்பவர்களை முதலில் வாசித்தார். என் பெயரை இத்தனை வருடத்தில் எத்தனையோ சீட்டில் கேட்டிருக்கிறேன், என் அம்மா எழுதியதில், என் நாத்தனார் எழுதியதில். அன்று அந்தப் பெயர் வந்ததும் நான் மண்டியிட்டுவிட்டேன். பிறகு சிலுவைப் பக்கம் திருப்பி யோஸ்ட் என்று வாசித்தார்.

வெளியே வந்தபோது திக்கேயோஸ் ரொட்டிக் கூடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு எனக்காக நின்றிருந்தான். "வா, சாப்பிடலாம்" என்றான். இருவரும் கீழே இறங்கினோம்.